மறந்துபோன மோட்டார்

"நட்சத்திர மீனைக் கையில தூக்கிராதீங்க, காத்துப் பட்டா அதுக்கு ஆகாது. தொட்டியில தண்ணி வத்துனா உப்புத் தண்ணி ஊத்தாதீங்க, நல்ல தண்ணிதான் ஊத்தணும், உப்பு தொட்டியிலயே தங்கிரும். கரண்டு போனா உடனே தொட்டிக்குக் காத்து விடுற மோட்டாரை இன்வெர்ட்டர்ல மாட்டணும். போன தடவை மாதிரி மறந்து தொலைச்சீங்க..."

"மறக்க மாட்டேன், ஃபாயிஸா" என்றான் தவ்பீக்.

அம்மாவைப் பார்க்க மேலூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளுக்கு நம்பிக்கை வரவில்லை. கோடையில் அவள் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு நாள் பகல் முழுக்கக் கரண்டு இல்லை. மோட்டாரை மாட்ட மறந்துவிட்டதாகச் சொன்னான் இவன். அவள் ஆசையாக வளர்த்த முதல் நட்சத்திர மீன் செத்துப்போனது.

வாசலில் கீழ்வீட்டு வெள்ளைத்துரை வந்து நின்றார். கையில் பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார்.

"இத வச்சுக்க தாயி. இனி கரண்டு போனாலும் உன் மீனுக்கு ஒண்ணும் ஆகாது."

"எதுக்குண்ணே இதெல்லாம்?"

"மாப்ள சொல்லலையா? கோடையில நீ ஊருக்குப் போயிருந்த அன்னைக்குக் கரண்டு போயி, என் வீட்டுக்காரி முத்துத்தாயோட ஆக்சிஜன் மிஷின் நின்னுபோச்சு. உங்க இன்வெர்ட்டர் ரெண்டையும் தாங்காதுன்னு மாப்ள தொட்டி மோட்டாரைப் பிடுங்கிட்டு எங்களுக்கு வயர் இழுத்துக் கொடுத்தாரு. அவ பொழச்சது அதனாலதான். நேத்து தானா நடந்து கோயிலுக்குப் போயிட்டு வந்தா தாயி."

அவர் போனதும் ஃபாயிஸா கணவனைப் பார்த்தாள்.

"எம்புட்டுத் திட்டுனேன்! ஏங்க சொல்லல?"

"சொன்னா, முத்துத்தாய் அக்காவைப் பாக்குறப்பல்லாம் உனக்குச் செத்த மீனுதானே ஞாபகம் வரும்."

அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"பஸ் போனாப் போகுது. அக்காவைப் பாத்துட்டு வாரேன்" என்று கீழே இறங்கினாள்.