வசவுக்காரர்

"ஏய் கொழுந்துக்கூடை, எங்கடா ஓடுறாய்?"

பதுளை மைதானத்தில் கூட்டம் கொல்லென்று சிரித்தது. குழந்தைவேலுவுக்குச் சுருக்கென்றது.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் தங்கையைப் பார்க்க ராமேஸ்வரத்தில் கப்பலேறி வந்தவர் அவர். திருச்சி பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை. கால்பந்து என்றால் சோறு வேண்டாம். "மச்சான், டவுன்ல மேட்ச் இருக்கு. எங்க தோட்டத்து டீமும் பஜார் டீமும். வாங்க போவோம்" என்று தங்கை புருஷன் தம்பையா கூப்பிட்டதுமே லொறியில் தொற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

வந்த இடத்தில்தான் இந்த வசவு.

கத்தியவர் கோட்டோரமாக நின்றார். சாரம், வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி.

"யாரு மாப்பிள்ளை அந்த ஆளு?"

"மர்ஸூக் நானா. நானான்னா அண்ணன். பஜார்ல தேத்தண்ணிக் கடை வச்சிருக்காரு. எங்க டீம் ஆட வந்தாப் போதும், முருகையாவத் திட்டுறதுக்குன்னே கடையைப் போட்டுட்டு வந்துருவாரு." சொல்லிவிட்டுத் தம்பையாவும் சிரித்தார்.

"கொழுந்து பறிக்கிறவங்களக் கேவலமாப் பேசுறான். நீங்களும் சிரிக்கிறீங்க."

தம்பையாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

முருகையா தோட்டத்து அணியின் முன்வரிசை ஆட்டக்காரன். வெறுங்கால். ஆனாலும் பந்து அவன் சொன்னபடி கேட்டது. பொன்மலையில்கூட இப்படி ஒரு ஆட்டக்காரனைப் பார்த்ததில்லை என்று குழந்தைவேலுவுக்குத் தோன்றியது. அவன் பந்தோடு கிளம்பிய போதெல்லாம் அந்தக் குரலும் கிளம்பியது.

"கொழுந்துக்கூடை, ஒனக்கெல்லாம் பந்து எதுக்கு?"

மற்றவர்களை அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முருகையா ஒருவன்தான் குறி.

இடைவேளை முடிந்து அணிகள் பக்கம் மாறின. மர்ஸூக்கும் மைதானத்தைச் சுற்றி நடந்து எதிர்ப்பக்கக் கோட்டோரம் போய் நின்றுகொண்டார்.

"பாத்தீங்களா, தேடிப் போய்த் திட்டுறான்" என்றார் குழந்தைவேலு. "ஒரு மனுஷனுக்கு இவ்வளவு வன்மம் ஆகாது."

இரண்டு அணியும் கோல் போடவில்லை. நமுனுகுல மலைப்பக்கமிருந்து பனி இறங்கத் தொடங்கிவிட்டது. நடுவர் விசிலைக் கையில் எடுத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் முருகையாவிடம் பந்து வந்தது.

அவன் கோலை நோக்கி ஓடினான். பஜார் அணியின் தடியன் ஒருவன் இடப்பக்கத்திலிருந்து பாய்ந்து வந்தான்.

"கொழுந்துக்கூடை!"

முருகையா சட்டென்று வலப்பக்கம் வெட்டித் திரும்பினான். வந்தவன் வெறும் புல்லில் சறுக்கிக்கொண்டு போனான். அடுத்த உதையில் பந்து வலைக்குள் இருந்தது. பாய்ந்து விழுந்த பஜார் அணியின் கோல்கீப்பர், எழுந்திருக்க மனமில்லாமல் சேற்றிலேயே கிடந்தான். கடைசி விசிலும் ஊதியது.

தோட்டத்துச் சனம் மைதானத்துக்குள் ஓடியது. குழந்தைவேலு ஓடவில்லை. நேராகக் கோட்டோரத்து மனிதரிடம் போனார்.

"திட்டித் திட்டி என்ன ஆச்சு? உங்க டீமே தோத்துப் போச்சு."

மர்ஸூக் திரும்பினார். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

"ஒங்கட ஊரு எங்க? இந்தியாவா?"

"எந்த ஊரா இருந்தா என்ன? மலையில வெயிலுலயும் மழையிலயும் பாடுபடுற சனம் உங்களுக்கு இளக்காரமாப் போச்சா? கடல் தாண்டி வந்தவன் எனக்கே மனசு கொதிக்குது. தினமும் கேக்குற அந்தப் பையனுக்கு எப்படி இருக்கும்?"

மர்ஸூக் தலையைக் குனிந்துகொண்டார். உறைத்துவிட்டது என்று குழந்தைவேலு நினைத்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முருகையா ஓடி வந்தான். குழந்தைவேலு அவன் தோளைத் தட்டினார்.

"கவலைப்படாதே தம்பி. உனக்காக நாலு வார்த்தை கேட்டுட்டேன்."

முருகையா பதறிப் போனான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"மெதுவாப் பேசுங்கய்யா. எனக்கு இடது கண்ணு தெரியாதுங்க. செடியக் கவ்வாத்து வெட்டயில தேயிலைக் குச்சி குத்திப் போச்சு. டீம்ல தெரிஞ்சா நிப்பாட்டிருவாங்க. எனக்கு இந்த ஆட்டத்த விட்டா வேற என்னங்க இருக்கு? மர்ஸூக் நானாவுக்கு மட்டுந்தான் தெரியும். அந்தப் பக்கம் ஆளு வந்தா அவருதான் சத்தம் குடுப்பாரு. நான் திரும்பிக்குவேன்."

பின்னாலேயே வந்திருந்த தம்பையா வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"அதுக்குப் பேரைச் சொல்லிக் கூப்பிடலாமேங்க" என்றார் குழந்தைவேலு மர்ஸூக்கிடம்.

"பேரச் சொன்னா, பஜார்க்காரன் ஏன் இவனுக்கு வழி காட்டுறான் எண்டு யோசிப்பாங்க" என்றார் மர்ஸூக். "ஏசினா யாரும் யோசிக்கிறல்ல. சிரிச்சிட்டுப் போயிருவாங்க. நீங்க ஒருத்தர்தான் கோவப்பட்டு வந்து கேட்டீங்க. அது எனக்குச் சந்தோசம்."

குழந்தைவேலு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பா நினைச்சுட்டேங்க. மன்னிச்சிருங்க. ஆனா ஒண்ணு புரியல. நீங்க பஜார்க்காரர். கோல் வாங்கினது உங்க டீம். மனசு கஷ்டமா இல்லையா?"

மர்ஸூக், சேற்றிலிருந்து எழுந்து சட்டையை உதறிக்கொண்டிருந்த கோல்கீப்பரைப் பார்த்தார்.

"இல்லாமலா? அவன் என்ட மகன் புவாத். கண்ணு தெரியாதவன ஏமாத்தி வெண்டான் எண்டு பேர் எடுக்கிறத விட, இப்பிடித் தோத்து வாறதுதான் அவனுக்கு மரியாத."