அனுபவசாலியின் ஓட்டு

லாரி ஓட்டுநர்கள் சாலையோர உணவகங்களுக்கு நட்சத்திரம் போடும் செயலியை நாமக்கல்லில் நடத்திவந்தாள் கிருத்திகா. கள்ள ஓட்டுக்குப் பயந்து, அனுபவசாலிகளின் ஓட்டுக்குப் பத்து மடங்கு மதிப்பு என்று விதி வைத்திருந்தாள்.

ஓமலூரில் மெஸ் நடத்தும் சௌந்திரம் அன்று அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

“ஏனுங்க, எம்பட மெஸ் கடைசி எடத்துல கெடக்குது. ஒரு லாரியும் நிக்கறதில்லீங்க. மூடிப்போடலாம்னு இருக்கறேன்.”

கிருத்திகா கணினியில் தேடினாள். மற்றவர்கள் நான்கும் ஐந்தும் போட்டிருக்க, கந்தப்பன் என்ற மூத்த ஓட்டுநரின் ஒற்றை நட்சத்திரமே மெஸ்ஸைக் கீழே இழுத்திருந்தது.

“கந்தப்பண்ணனா? கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாருங்களே!” சௌந்திரத்தின் கண் கலங்கியது.

கிருத்திகா அவரைக் கைப்பேசியில் அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

“அண்ணா, சௌந்திரம் மெஸ் சாப்பாடு எப்படிங்க?”

“அந்த ருசி இந்த ரோட்டுலயே கெடையாதுங்க சாமி.”

“அப்புறம் ஏனுங்க ஒரே ஒரு நட்சத்திரம்?”

“ஒண்ணுன்னா மொத ரேங்க் தானுங்களே?”

சௌந்திரம் வாய்விட்டுச் சிரித்தாள். கிருத்திகாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

“அண்ணா, அஞ்சு யாருக்காச்சும் போட்டீங்களா?”

“மலையடிவாரத்துல ஒரு கடைக்குங்க. அங்க சாப்பிட்டு வயிறு கெட்டு, மூணு நாளு வண்டியே எடுக்கலீங்க. வேற யாரும் போயிச் சிக்கிக்கக் கூடாதுன்னுதான் அஞ்சு போட்டேன்.”

கிருத்திகா திரையைப் பார்த்தாள். செயலியில் முதலிடம் அந்தக் கடைக்குத்தான்.

நட்சத்திரங்களை மொத்தமாக நீக்கிவிட்டு, ‘நல்லாருக்கு’, ‘வேண்டாம்’ என்று தமிழில் தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.