பாகு பார்க்க ஆள் தேவை

இருபது வருடம் வெல்லப்பாகு கிண்டிய நேசம்மாள், உள்ளே போன ஐந்தாவது நிமிடத்தில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்னக்கா கேட்டாரு?" வாசலில் காத்திருந்த சுதாராணி பதறினாள்.

"ஒண்ணும் கேக்கலட்டி. ஊர்க்கதை பேசுனாரு. பேசிக்கிட்டே இருந்தவரு திடீர்னு, 'சரி, போயிட்டு வாங்க'ன்னுட்டாரு."

சுதாராணிக்கு இந்த வேலையும் கிடைக்காவிட்டால், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் இந்துஜாவை உறவினர் வீட்டில் விட்டுவிட்டுத் திங்கட்கிழமை திருப்பூர் பஸ் ஏற வேண்டியதுதான்.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்ப் பட்டறை அது. கதவில் தொங்கிய அட்டையில் 'பாகு பார்க்க ஆள் தேவை' என்னும் நான்கே சொற்கள். முன்னனுபவம் பற்றி அதில் ஓர் எழுத்துக்கூட இல்லை. ஆனால் நம்மவர்கள் எழுதியிருப்பதை எங்கே படிக்கிறார்கள்? எழுதாததைத்தானே படிக்கிறார்கள்!

இரண்டு வருட அனுபவம் என்று பொய் சொல்ல வந்த சுதாராணி, இருபதே தேறவில்லை என்றதும் துணிந்து உள்ளே போனாள்.

"இருபத்தஞ்சு வருசமா பாகுலதான் நிக்கேன் அண்ணாச்சி."

பட்டறை முதலாளி பால்துரை, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு என்ன வயசும்மா?"

"முப்பத்தி நாலு."

"அப்ப ஒம்பது வயசுல சேந்திருக்க. உன் பழைய முதலாளியைப் போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கணுமே!"

"அது வந்து... எங்கம்மா இடுப்புல இருந்துக்கிட்டே பழகுனது அண்ணாச்சி."

"ஒம்பது வயசுலயா இடுப்புல இருந்த?"

அண்டாக்களைச் சுற்றி நின்ற எட்டுப் பேரும் சிரித்தார்கள். அவர்களோடு சேராமல், மூலையில் ஒரு சின்ன அடுப்பின் முன் கைகட்டி உட்கார்ந்திருந்த செண்பகராஜ் மட்டும் சிரிக்கவில்லை. அவனுடைய அடுப்பில் உள்ளங்கையகலச் சட்டி ஒன்றில் ஒரு கரண்டிப் பாகு இருந்தது.

அதற்குமேல் பால்துரை அனுபவத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. பக்கத்து ஊர் இடைசெவலில் மழை பெய்ததா, பருத்தி காய் பிடித்ததா என்று பேச்சை வளர்த்தார். சுதாராணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

திடீரென்று அவள் மூக்கு விடைத்தது. அவள் யோசித்து எழுந்தாள் என்று எழுதினால் அது பிழை. மூக்கு மூளைக்குச் சொல்லி, மூளை அவளுக்குச் சொல்லுமுன்னே கால்கள் எழுந்துவிட்டன.

"அண்ணாச்சி, பாகு தீயுது!"

பால்துரை காற்றை இழுத்து முகர்ந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே. ஏலே, உங்களுக்கு ஏதும் வாடை அடிக்கா?"

எட்டுத் தலைகளும் இல்லையென்று ஆடின.

"பாத்தியாம்மா? வருசக்கணக்கா ஒரே வாசத்துல கெடந்தா, 'இது தெரிஞ்ச ஆளுதான்'னு மூளை கதவைச் சாத்திரும். போன மாசம் ஒரு அண்டாப் பாகு அடிப்பிடிச்சுக் கருகிருச்சு. நாங்க அத்தன பேரும் இங்கனதான் நிக்கோம். தெருவுல போன தபால்காரர் வந்து சொல்லுதாரு!" அவர் குரல் இறுகியது. "இருபத்தஞ்சு வருசம் பாகுல நின்ன மூக்குக்கு மட்டும் எப்படிம்மா தெரிஞ்சுது?"

சுதாராணிக்குக் கண் கலங்கிவிட்டது. சொந்த மூக்கே காட்டிக்கொடுத்துவிட்டதே!

"பொய்தான் அண்ணாச்சி. ஒரு நாள்கூடப் பாகு கிண்டுனதில்ல. தீப்பெட்டி ஆபீஸ்ல லேபிள் ஒட்டுனவ நான்."

தலையைக் குனிந்தபடி வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினாள். திருப்பூர் பஸ் எத்தனை மணிக்கு என்று மனம் கணக்கிடத் தொடங்கியிருந்தது.

முதுகுக்குப் பின்னால் பால்துரையின் குரல் கேட்டது.

"ஏலே செண்பகராஜ், அந்தச் சட்டிய இறக்கிரு. மூக்கு கெடச்சாச்சு!"