வரிசை, ஐந்தாம் இதழ்

காலையிலிருந்து அவர் மேசைக்கு வந்த ஒரே ஆள், கழிப்பறை எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார்.

சொந்தச் செலவில் இதழ் போடுகிறவர்கள் கூடிக் கடை விரித்திருந்த அரங்கம் அது. எதிர் மேசைக்காரி சட்டைப் பொத்தான்களுக்கென்றே ஓர் இதழ் நடத்துகிறாள், சக்கைப்போடு போட்டது. பக்கத்து மேசையில், கார் மேல் தூங்கும் பூனைகள். அங்கே சொல்லவே வேண்டாம்.

இவருடையது ‘வரிசை’. மனிதர்கள் வரிசையில் நிற்கும் விதங்களைப் பற்றி மட்டும்.

வங்கி, மருந்துக்கடை, பேருந்து நிறுத்தம் என்று தனக்கு வேலையே இல்லாத இடங்களிலெல்லாம் போய் நின்று, பார்த்து, எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, பின் அடித்து, ஐந்தாம் இதழ் வரை வந்துவிட்டார். அச்சானதில் முக்கால்வாசி கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

“இன்னிக்கு ஒண்ணுகூடப் போகலைன்னா, இதோட மூட்டை கட்டிடணும்” என்று மனைவி காலையிலேயே சொல்லிவிட்டாள். அட்டையைத் தாண்டி ஒரு பக்கம் அவள் புரட்டி இவர் பார்த்ததில்லை. கூடவே வந்தவள், இவர் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாதென்று எங்கோ உலாவப் போயிருந்தாள்.

அவள் சொன்னதற்குத் தலையாட்டியது தப்பென்று இப்போது பட்டது. நிறுத்திவிட்டு என்ன செய்வது? மற்றவர்களைப் போல வரிசையில் சும்மா நிற்பதா?

குனிந்து, கட்டுகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் திணித்தார். நிமிர்ந்தபோது மேசையை உரசிக்கொண்டு ஒரு வரிசை நின்றது.

முதலில் எழுந்தது சந்தோஷமல்ல, தொழில்புத்தி. நல்ல வரிசை. இடைவெளி ஒரே சீர். நடுவே, எட்டிப் பார்க்கும் கழுத்து ஒன்று. நண்பனைப் போனில் அவசரப்படுத்தும் ஆள் ஒருவன். எல்லாம் இலக்கணப்படி.

ஆனால் அது அவரிடம் வரவில்லை. அவரைக் கடந்து, தூணுக்கு அப்பால் போனது.

நிற்கிறவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே. ஒருவன் இதழை எடுத்துப் புரட்டினான். சிரித்தான். பின்னால் நின்றவளிடம் காட்டினான். அவளும் ஒன்று வாங்கினாள். பைக்குள் போன கட்டுகள் மறுபடி மேசைக்கு வந்தன. பொத்தான்காரி எழுந்து நின்று பார்த்தாள்.

“எதுக்குங்க இந்த வரிசை?” என்று அவரே கேட்டார்.

“தெரியலைங்க. நின்னாங்க, நின்னேன்.”

அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து வரிசையோரமாகவே நடந்தார். தூணைச் சுற்றிக்கொண்டு அது போய் முட்டிய இடத்தில் பூட்டிய கதவு ஒன்று. அதில் ஓர் எழுத்துகூட இல்லை.

கதவுக்கு முன்னால், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலைபோகிற காரியத்துக்கு வந்தவளைப் போல அவர் மனைவி நின்றிருந்தாள்.

“நீ இங்க என்ன…”

அவள் கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பேசாம போய் உக்காருங்க. முதல் ஆள் திரும்பிட்டா வரிசை கலைஞ்சிடும்னு ரெண்டாவது இதழ்ல எழுதினது யாரு?”