உதாரண வாக்கியம்

நாற்பத்தோராம் பக்கத்தில் அவள் பெயர் இருந்தது.

தவமணி.

திருச்சி மெயின்கார்டு கேட், பழைய புத்தகக் கடை. வேறு எதையோ தேடி வந்தவள் நின்றபடியே படித்தாள்.

பத்தாம் வகுப்பு ஆங்கில கைடு. அதில், குழப்பும் சொற்றொடர்கள் என்று ஒரு பகுதி. ஆன் டைம் என்றால் சொன்ன நேரத்துக்கு. இன் டைம் என்றால் காலம் கடந்துபோவதற்குள்.

முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால் இதற்கு புரூஃப் பார்த்தவளே அவள்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். ஒரு காற்புள்ளி தப்பாது.

எழுதியவர் குருபாதம். எதிர் மேஜை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் உட்கார்ந்திருப்பார்.

பதிப்பக முதலாளி ஒரு சட்டம் வைத்திருந்தார். உதாரண வாக்கியங்களில் ராமன், சீதா, கோபால் தவிர வேறு பெயர் வரக்கூடாது.

குருபாதம் மட்டும் மறந்து மறந்து தவமணி என்று எழுதுவார்.

தவமணி மழையில் நனைந்தாள். தவமணிக்குப் பாட்டுப் பிடிக்கும். இன்று தவமணி வரவில்லை, அலுவலகம் வெறிச்சென்று இருக்கிறது.

அவள் சிவப்பு மையால் அடித்துவிட்டு சீதா என்று போடுவாள். ஓரத்தில் ஒரு குறிப்பும் எழுதுவாள்: விதியைக் கவனிக்கவும்.

"சரிங்க மேடம்" என்பார். அடுத்து வரும் தாள்களிலும் தவமணிதான்.

என்ன மறதி இந்த மனிதருக்கு என்று எரிச்சலாக வரும். அவ்வளவு கெட்டிக்காரிக்கு அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை.

இந்த நாற்பத்தோராம் பக்கம் அவள் கல்யாண லீவில் இருந்தபோது அச்சுக்குப் போயிருக்கிறது. சிவப்பு மை படவில்லை.

லீவு முடிந்து வந்தபோது எதிர் மேஜை காலி. கரூரில் வாத்தியார் வேலை கிடைத்துவிட்டது என்றார்கள். நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

கணவர் தங்கமானவர். வாழ்ந்த வாழ்க்கையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

இருந்தாலும், எத்தனை முறை அடித்துத் தள்ளியிருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது.

இன் டைம் என்பதற்குக் கீழே ஒரே ஒரு உதாரணம். அதை மறுபடி படித்தாள்.

காலம் கடந்துபோவதற்குள் தவமணியிடம் சொல்லிவிட வேண்டும் என்று அவன் நினைக்கிறான்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அது பழைய சிலபஸும்மா. இப்ப எந்தப் பிள்ளைக்கும் ஆகாது."

"பிள்ளைங்களுக்கு இல்லீங்க" என்றாள். "எனக்கு எழுதினது."