டப்பாவில் இல்லாத நிறம்

ஊசியில்லாத சிரிஞ்சை மெல்லப் பின்னுக்கு இழுத்தார். மனைவியின் மூக்கில் மாட்டியிருந்த குழாய் வழியாக இரண்டு சொட்டு ஏறி வந்தது. அதை அமிலம் பார்க்கும் காகிதத் துண்டில் விட்டு, ஜன்னலுக்கு எடுத்துப் போனார்.

நிறத்தை டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்கக் கூடாது. பெயிண்ட் கடையில் பாதி ஆயுளைக் கழித்தவருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடையில் அவருக்குப் பெயரே கலர்க்காரர்தான்.

தினமும் வருவது ஆரஞ்சு. காகித டப்பாவில் ஒட்டிய நிற அட்டவணைப்படி அது அமில அளவு நாலு. ஐந்தோ அதற்குக் கீழோ என்றால் வயிற்றின் அமிலம். குழாய் சரியான இடத்தில் இருக்கிறது, உணவை ஊற்றலாம். பச்சைப் பக்கம் போனால் ஊற்றக் கூடாது. குழாய் நழுவி நுரையீரலுக்குள் போயிருக்கலாம். இதெல்லாம் ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லிக்கொடுத்தது.

இன்று வந்தது ஆரஞ்சும் இல்லை, பச்சையும் இல்லை. அட்டவணையிலேயே இல்லாத ஒரு பழுப்பு.

யார் யார் வீட்டுச் சுவருக்கோ வண்ணம் கலந்து கொடுத்தவர், விரலகலக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்.

ரத்தமோ? உடனே நர்ஸுக்குப் போன் போட்டார்.

"பதறாதீங்க சார். வாய் வழியா ஏதாவது குடுத்தீங்களா?"

"ஐயோ, ஒரு சொட்டுத் தண்ணிகூட இல்லம்மா."

கொடுப்பாரா? பக்கவாதம் வந்ததிலிருந்து அவளுக்கு விழுங்க வராது. வாயில் போவது தடம் மாறி நுரையீரலில் இறங்கிவிடும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். வரும் திங்கட்கிழமை விழுங்கவைத்துப் பார்க்கப் போகிறார்கள். தேறினால் குழாயைக் கழற்றிவிடுவார்கள். தேறாவிட்டால் வயிற்றில் துளை போட்டு, காலத்துக்கும் அதன் வழியாகத்தான் சாப்பாடு.

அவளோடு எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும். வேறு எதற்கும் அவர் இப்படி ஏங்கியதில்லை. அவள் பார்க்கச் சாப்பிட மனசு வராமல், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பாத்திரச் சத்தம் கேட்காமல் திருட்டுப் பூனை மாதிரி விழுங்கிவிட்டு வருவார். டீயும் அங்கேயே, நின்றபடியேதான். ருசியாவது மண்ணாவது.

காகிதத்தை மூக்கருகே கொண்டுபோனார். ரத்த வாடை இல்லை. புளித்த நெடிக்கு நடுவே லேசாக இஞ்சி மணத்தது.

டீ.

போனைக் கட்டிலில் போட்டுவிட்டுத் திரும்பினார். தலையணையில் சாய்ந்திருந்தவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க இப்போதுதான் பழகியிருக்கிறாள். குளியலறைக்குப் போகிற வழியில்தான் சமையலறை.

அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டார். இருமல் இல்லை, இரைப்பு இல்லை, மூச்சு சீராக வந்தது. டீ குழாயில் ஏறி வந்திருக்கிறது என்றால், போக வேண்டிய இடத்துக்கே போயிருக்கிறது. விழுங்கியிருக்கிறாள்!

கோபம் வந்தது. அழுகை வந்தது. நடுவில் சிரிப்பும் வந்து தொலைத்தது. கோபத்தைத்தான் வெளியே விட்டார்.

"உசுரோட விளையாடுறியா? யாரக் கேட்டுக் குடிச்ச?"

அவள் மெதுவாகத் திரும்பினாள். கோணிய வாயிலிருந்து வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது.

"எனக்குன்னுதானே... தெனமும் பாதி வெச்சிட்டுப் போறீங்க?"

அவர் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் டீக்கு ஒரே டம்ளர்தான். முதல் பாதி அவருக்கு, மறு பாதி அவளுக்கு. இத்தனை மாதமும் கதவைச் சாத்திக்கொண்டு, பாதியோடு நிறுத்தி, டம்ளரை மேடையில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். பிறகு அதைக் கொட்டிக் கழுவியதும் அவர்தான்.

தினமும் பாதி வைத்தது அவருக்கே இப்போதுதான் தெரிந்தது.