துணைக்கு ஒருவர்

குளியலறைக் கண்ணாடி மாதம் ஒருமுறை சம்யுக்தாவின் மார்பைப் பரிசோதிக்கும். முடிந்ததும், "எல்லாம் நன்றாக இருக்கிறது. அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று சொல்லும். அந்த வீட்டில் அவளோடு பேசுகிற குரல் அது ஒன்றுதான். அதற்காகவே அவள் ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை.

இன்று அது, "வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டது.

தனியாக இருப்பவரிடம் கண்ணாடி கெட்ட செய்தி சொல்லக் கூடாது என்று சட்டம் இருப்பது எல்லோருக்கும் தெரியும்.

"நான் மட்டுந்தான். பரவால்ல, சொல்லு."

"துணைக்கு ஒருவர் வந்ததும் சொல்கிறேன்."

டொராண்டோவில் இருக்கும் மகனைத் திரையில் அழைத்துக் காட்டினாள். கண்ணாடி ஒப்புக்கொள்ளவில்லை. ஆள் பக்கத்தில் நிற்க வேண்டுமாம்.

"லீவு கிடைச்சதும் வர்றேம்மா" என்றான் மகன்.

ஈரத் தலையோடு போய் எதிர்வீட்டு மணியை அடித்தாள். அங்கே ஃபர்ஹானாவும் தனியாகத்தான் இருந்தாள். லிஃப்டில் பார்த்தால் சிரித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான் பழக்கம்.

"ஒரு அஞ்சு நிமிஷம் எங்க வீட்டுக்கு வர முடியுங்களா? பாத்ரூம் கண்ணாடி துணைக்கு ஆள் வேணும்னு கேக்குது."

ஃபர்ஹானா தன் வீட்டுக் குளியலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"வர்றேனுங்க. அப்புறம் நீங்களும் இங்க வந்து நிப்பீங்களா? எங்க வீட்டுதும் போன ரம்ஜான்லருந்து கேட்டுட்டே இருக்கு. யாரைக் கூப்பிடறதுன்னு தெரியாம, துண்டைப் போட்டு மூடி வெச்சிருக்கேன்."